அண்ணி கட்டிய குரல்

அண்ணியை நினைத்தால் அவள் முதுகுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அண்ணன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பழைய லேப்டாப்பை நோக்கிக் குனிந்திருக்கும் முதுகு. திரையில் கறுப்பாக ஒரு சதுரம் திறந்திருக்கும். அதில் வெள்ளை எழுத்து வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் யாரும் அதைப் படிக்க முடியாது; அவ்வளவு வேகம். பிறகு திடீரென்று எல்லாம் நின்றுவிடும். கடைசி வரியில் ‘எர்ரர்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரியும். அண்ணி சலித்துக்கொள்ள மாட்டாள். எழுந்துபோய் அண்ணன் வாயோரம் வழிந்திருக்கும் எச்சிலைத் துடைப்பாள், தலையணையை நேராக்குவாள், ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள், மறுபடி வந்து உட்காருவாள். சலித்துக்கொள்ளவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு இந்த விஷயத்தில் பெரிய ஞானம் கிடையாது. செஞ்சி பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல், பெயர் நீக்கல். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன், அதோடு சரி. அதனால் அண்ணி செய்ததில் எனக்குப் புரிந்ததை மட்டும்தான் சொல்கிறேன். புரியாத நேரங்களில் கட்டிலின் மறுபக்கம் நின்று அண்ணனுக்குக் கொசு விரட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணனும் அண்ணியும் திண்டிவனம் பக்கம் ஒரே கல்லூரியில் என்ஜினியரிங் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அண்ணன் சில மாதங்கள் அங்கே இருந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் ஊருக்கு வந்து பஜாரில் மோட்டார் பம்பு கடை வைத்தான். அவனுக்கு ஆட்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அனந்தபுரத்திலிருந்து ஒரு விவசாயி மோட்டார் ஓடவில்லை என்று வந்தால், அவர் மகள் கல்யாணம் வரை பேசிவிட்டுத்தான் மோட்டாரைக் கையில் எடுப்பான். தெருக்கோடியில் திரும்பும்போதே அவன் குரல் எங்களுக்குக் கேட்டுவிடும். அவர்கள் விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாதி வேறு. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் கல்யாணத்துக்கு வந்தார், ஆனால் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் அண்ணி சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வந்து பரிமாறினால் அவருக்குப் பசியிருக்காது. அண்ணியும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா அதே தட்டை எடுத்துக் கொடுப்பாள், அவர் சாப்பிடுவார்.

நோய் அண்ணனுக்கு நாக்கில்தான் ஆரம்பித்தது. பேச்சு குழறியது. கடைக்கு வந்தவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்தார்கள். “இன்னா தம்பி, காலையிலயே ஆரம்பிச்சிட்டியா?” என்று சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். பிறகு சாப்பாடு தொண்டையில் சிக்கத் தொடங்கியது. பிறகு கை. ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை. புதுச்சேரியில் பெரிய டாக்டர் எல்லா சோதனையும் செய்து பார்த்துவிட்டு, தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய், மருந்து கிடையாது என்றார். அறிவு தெளிவாக இருக்கும், காது கேட்கும், கண் கடைசி வரை அசையும். மற்ற எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

அண்ணி சென்னை அறையைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டாள். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். அண்ணனைத் திருப்பிப் படுக்கவைப்பதும், ஊட்டுவதும், கழுவுவதும், இடையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரோடோ ஆங்கிலத்தில் பேசுவதுமாக அவள் நாள் போகும். ஒருமுறை மீட்டிங் நடுவில் அண்ணனுக்குப் புரையேறியது. அவள் அவனை நிமிர்த்தி முதுகைத் தட்டிக்கொண்டே, அந்தப் பக்கம் இருந்தவரிடம் பதில் சொல்லி முடித்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மீட்டிங் முடிந்ததும் அப்படியே தரையில் படுத்துக்கொண்டாள்.

பேச்சு முழுக்க நின்றுபோன பிறகு அண்ணி ஒரு அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதினாள். அவள் வரிசையைச் சொல்லிக்கொண்டே போவாள்; வேண்டிய வரிசை வந்ததும் அண்ணன் கண்ணை மேலே தூக்குவான். பிறகு அந்த வரிசையில் எழுத்து. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம். எனக்கு அது சுத்தமாக வரவில்லை. பாதியில் முதல் எழுத்தை மறந்துவிடுவேன். அம்மா அட்டையைக் கையில் எடுத்தாலே அழுவாள். நைனாவுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியாது. அண்ணிக்கு மட்டும் பழகிவிட்டது. இரண்டு எழுத்து வருவதற்குள் அவள் முழுச் சொல்லையும் சொல்லிவிடுவாள். “மோ... மோரா?” கண் மேலே போகும். “கடை... கடை சாவியா? கடையத் தொறந்தாச்சான்னு கேக்கறியா?” கண் மேலே போகும். பார்க்க அதிசயமாக இருக்கும். வீட்டில் அவன் பேச்செல்லாம் அவள் வாயாலேயே வந்தது.

மூச்சு குறைய ஆரம்பித்தபோது புதுச்சேரி டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மூச்சு மெஷினோடு இணைக்கலாம். செய்தால் வருஷக்கணக்கில்கூட இருக்கலாம். செய்யாவிட்டால் அதிக நாள் இல்லை. ஆனால் குழாய் போட்டால் எந்நேரமும் ஒருவர் பக்கத்தில் இருந்து சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். “வேணுமா வேணாமான்னு அவர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து, எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றிருக்க, அண்ணி அட்டையை எடுத்தாள். அண்ணன் வகர வரிசையில் கண்ணைத் தூக்கினான். பிறகு ‘வே’ என்ற எழுத்தில். அண்ணியின் நெற்றி வியர்த்திருந்தது. அவள் சற்று நேரம் அவனையே பார்த்துவிட்டு, “வேணாமா?” என்றாள். அவன் கண் அவள் முகத்திலேயே நின்றது. பிறகு மெதுவாக மேலே போனது.

“வேணாங்கிறாரு” என்றாள் அண்ணி.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நைனா கொல்லைப்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணி துணி எடுக்க அந்தப் பக்கம் போனபோதுதான் அவர் கேட்டார். நான் கொடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

“அவன் சொன்னானா, நீ சொல்றியா?”

“மாமா, அவருதான காட்னாரு? நீங்களும் இருந்தீங்களே.”

“இன்னாத்த காட்னான்? ஒரு எழுத்து காட்னான். வே-ன்னா வேணும்னும் ஆவும். மிச்சத்த நீதான சொன்ன?”

“அப்புறம் கண்ண மேல தூக்கனாரு மாமா.”

“நீ கேட்ட மாதிரி கேட்டா வேற இன்னா பண்ணுவான்?” நைனா குரலை உயர்த்தவில்லை. “உனுக்கு முடியல. தெரியுது. தப்புன்னு சொல்லல. ஆனா எம்புள்ள உயிர நீ முடிவு பண்ணாத.”

அண்ணி உலர்ந்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நைனா சொன்னது கொடூரமாக இருந்தது. ஆனால் அதை இல்லையென்று நிரூபிக்க யாராலும் முடியாது. அண்ணி அன்றைக்கே தனியாக மறுபடி கேட்டாள். ‘வேணுமா’ என்றே கேட்டாள். அண்ணன் கண்ணை மூடினான். மறுநாளும் கேட்டாள். மூடினான். அதை நைனாவிடம் சொல்வதில் அர்த்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதுவும் அவள் சொல்வதுதானே.

“நான் ரூமுக்குள்ளயே இல்லாம அவரு பேசணும்” என்றாள் என்னிடம். “அப்பத்தான் மாமா நம்புவாரு. எனக்கும் அதான் வேணும்.”

கண் அசைவைப் பார்த்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கேமரா ஒன்றை அவளோடு வேலை பார்த்த ஒருவர் கொடுத்தனுப்பினார். திரைக்குக் கீழே ஒட்டவைக்கும் ஒல்லியான பட்டை. அண்ணன் கடையில் கணக்குப் பார்த்த பழைய லேப்டாப்பில் அதைப் பொருத்தினாள். திரையில் ஓர் எழுத்தை அவன் உற்றுப் பார்த்தால் அது விழும். சொல்லை எழுதி முடித்தால் கணினி அதை உரக்கச் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். கணினியில் ஏற்கெனவே இருந்த தமிழ்க் குரல் செய்தி வாசிக்கிற குரல். அண்ணன் ‘இன்னா நைனா’ என்று எழுதினால் அதற்கு வாய் சுளுக்கிக்கொள்ளும். வேறு சில குரல்கள் நெட் இருந்தால்தான் பேசும்; எங்கள் தெருவில் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். அண்ணன் அந்தச் செய்திக்குரலை ஒருமுறை கேட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

எங்கோ கல்லூரி ஆட்கள் சிலர் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஒரு பேசும் புரோகிராமை அண்ணி தேடிப் பிடித்தாள். அதை எனக்கு அவள் விளக்கியது நினைவிருக்கிறது. “ஓட்டல்ல ஆக்கின சோறு மாதிரி வராது இது. அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாம் தனித்தனியா வரும். நம்ம மெஷின்லயே ஆக்கிக்கணும். அதனால நமக்கு எப்டி வேணுமோ அப்டி மாத்திக்கலாம். ஆனா ஆக்கற முறை யூனிக்ஸ்னு வேற ஒரு அடுப்பு வச்சிருக்கறவங்களுக்கு எழுதினது. இந்த மெஷின்ல இருக்கறது விண்டோஸ் அடுப்பு.” ஏன் இந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிடக் கூடாது என்று, எங்கள் மையத்தில் கேள்விப்பட்டிருந்த சொல்லை வைத்துக் கேட்டேன். அதுவும் யூனிக்ஸ் வகைதான், ஆனால் அதைப் போட்டால் கேமரா வேலை செய்யாது என்றாள். கேமராவுக்கு விண்டோஸ் வேண்டும், குரலுக்கு யூனிக்ஸ் வேண்டும், இரண்டும் ஒரே கட்டில் முன்னால் வேண்டும்.

அதனால் அவள் விண்டோஸுக்கு உள்ளேயே, யூனிக்ஸ் மாதிரி நடந்துகொள்ளும் ஒரு கருவித் தொகுப்பை ஏற்றினாள். அந்தக் கறுப்புச் சதுரம் அதுதான். அதில் கட்டளை கொடுத்தால் இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று கணினி தன்னையே வரிசையாகக் கேட்டுக்கொள்ளும். எல்லாம் இருந்தால் புரோகிராமைத் துண்டு துண்டாகக் கட்ட ஆரம்பிக்கும். அந்தப் பழைய லேப்டாப்பில் அதற்குப் பாதி நாள் ஆகும். மின்விசிறிச் சத்தம் போட்டுக்கொண்டு கொதிக்கும். எங்கேயாவது நிற்கும்.

நின்ற காரணங்களைக் கேட்டால் எனக்கு அழுகையும் கோபமும் வரும். அவ்வளவு சின்னக் காரணங்கள். கடையின் பெயர் இரண்டு சொல். லேப்டாப்பில் அந்தப் பெயரில்தான் எல்லாம் சேமித்திருந்தது. நடுவில் இருந்த ஒரு இடைவெளியை யூனிக்ஸ் கருவிகள் பெயர் முடிந்ததாக எடுத்துக்கொண்டு, இல்லாத இடத்தில் போய்த் தேடின. அதைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றினாள். அடுத்தது, வரி முடிகிற இடம். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்குமாம். யூனிக்ஸ் அதை எழுத்தாக நினைத்துக்கொண்டு புரியவில்லை என்று நின்றுவிடுமாம். திரையில் பார்த்தால் வரி சரியாகவே இருக்கும். அண்ணி ஒரு வாரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை எல்லாம் கட்டி முடிந்து, ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளிக் செய்தால் புரோகிராமைக் காணவில்லை. கணினியின் பாதுகாப்புக் காவல், புதிதாக முளைத்திருந்த அதை வைரஸ் என்று நினைத்து அழித்திருந்தது.

அன்றைக்கு அண்ணி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அட்டையைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசை சொன்னாள். எ... ர்... “எர்ரரா?” கண் மேலே போனது. கிண்டல் செய்கிறான்.

“ஆமாடா. எர்ரர்தான்.” கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிவிட்டாள்.

இந்த வேலைக்காக விடுப்பு கேட்டபோது கம்பெனியில் அவளுக்குச் சம்பளமில்லா விடுப்புதான் கிடைத்தது. அண்ணனின் மூச்சு மேலும் மேலோட்டமாகிக்கொண்டிருந்தது. மூச்சுக்கு உதவ மூக்கில் மாட்டியிருந்த சின்ன மெஷினைக் கழற்றினால் கொஞ்ச நேரத்திலேயே முகம் வெளுத்துவிடும். டாக்டர் போன் செய்து முடிவு என்ன என்று கேட்டார். அண்ணி, இன்னும் கொஞ்ச நாள் என்றாள். வேணாம் என்று அவன் சொன்னதாக அவளே நம்பிய பிறகும் ஏன் கொஞ்ச நாள் கேட்டாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் மையத்திலிருந்து சாப்பிட வந்தபோது லேப்டாப் பேசியது. ஓர் ஆணின் குரல், தகரத்தில் தட்டியதுபோல. “செஞ்சி. திண்டிவனம். மேல்மலையனூர்.” கண்டக்டர் கூவுவதுபோல அண்ணி ஊர்ப் பெயர்களாகக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தட்டினேன். அண்ணன் மட்டும் திருப்தியில்லாமல் பார்த்தான். அட்டை எடுத்துக் கேட்டால், ‘வாத்தியார்’ என்றான். அந்தக் குரல் ழகரத்தை நாக்கை மடித்துச் சுத்தமாக உச்சரித்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த ழ வராது. வாழைப்பழம் எங்களுக்கு வாளப்பளம்தான்.

அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. அதுதான் அந்தக் காலத்திலேயே நாங்கள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்த வாரம். அண்ணன் எப்படியெல்லாம் பேசுவான் என்று நினைவுபடுத்தி நான் தட்டச்சு செய்துகொடுத்தேன். இன்னாத்துக்கு, எனுக்கு, அத்த எடு, வந்துக்கினு இருக்கான். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று சொல்லும் விதிகளை அண்ணி திறந்து, ழ வந்தால் ள என்று மாற்றினாள். அப்புறம் மறுபடி கட்டினாள், மறுபடி நின்றது, மறுபடி கட்டினாள். கடைசியில் அந்தத் தகரக் குரல் “வாளப்பளம் இன்னா வெல?” என்று கேட்டபோது அண்ணன் கண் இரண்டும் மேலே போய் அப்படியே நின்றன.

கண்ணால் எழுதப் பழகுவது அவனுக்குப் பெரிய பாடாக இருந்தது. நாலு சொல் எழுதினால் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஆனாலும் பழகினான். ஓர் அமாவாசை அன்று, அம்மா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் போயிருந்தாள். நைனா வீட்டில் இருந்தார். அண்ணி அவரிடம் போய், “மாமா, உள்ள போய் அவரு பக்கத்துல உக்காருங்க. நான் வெளிய இருக்கேன். இன்னா வேணாலும் கேளுங்க” என்றாள். சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி எதிர்வீட்டு வேப்பமரம் வரை போய் நின்றுகொண்டாள். நான் அடுக்களையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் குரல், “நைனா” என்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நைனா எழுந்து நின்றுவிட்டார்.

“சொல்லுடா.”

ஒவ்வொரு பதிலுக்கும் அவ்வளவு நேரம். குழாயில் தண்ணீர் சொட்டுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“பைப்பு போடச் சொல்லு.”

“வேணாம்னியாமே?”

மறுபடி நேரம். “ஆமா.”

“இன்னாடா ஆமா?”

“அவகிட்ட வேணாம்னேன்.” பிறகு இன்னும் நீண்ட நேரம். “அவதான தூக்கணும். அவதான கழுவணும். அவ வாயாலயே எப்டி கேப்பேன்.”

நைனா ஏதோ சொல்லப் போனார். குரல் குறுக்கிட்டது, இத்தனை நேரமும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்திருப்பான்.

“சாவ பயமா இருக்குது நைனா.”

அடுக்களையில் நான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். நைனா அழுத சத்தம் கேட்டது. அவர் அழுது நான் கேட்டதில்லை. பிறகு அவர் வெளியே வந்து, செருப்பு போடாமல் தெருவில் நடந்து வேப்பமரத்தடிக்குப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் அண்ணியிடம் என்ன சொன்னார் என்று முழுக்கக் கேட்கவில்லை. “உங்கிட்ட கேக்க முடியலயாம்மா” என்றது மட்டும் கேட்டது. கை இரண்டையும் கூப்புவதுபோல் தூக்கி, பாதியிலேயே கீழே போட்டார்.

அண்ணி வீட்டுக்குள் வந்தபோது அவள் முகத்தில் கோபம் இருக்கும், அழுகை இருக்கும் என்று நான் நினைத்தேன். நெடுந்தூரம் நடந்து ஊர் வந்துவிட்டது என்று நினைத்தவளிடம் இன்னும் பாதித் தூரம் இருக்கிறது என்று சொன்னதுபோல இருந்தாள். கட்டிலருகே போய் நின்று அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அது ‘இல்லை’ என்பதற்காக மூடியது அல்ல. அவள் அவன் தலைமுடியைக் கோதி ஒதுக்கிவிட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். “டாக்டருக்கு போன் பண்ணு” என்றாள் என்னிடம்.

குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவன் சில வருஷங்கள் இருந்தான். அந்த வருஷங்களை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவை எல்லாம் ஒரே நாள் மாதிரி இருந்தன. சளி உறிஞ்சும் மெஷின், கரண்ட் போனால் இன்வெர்ட்டர், திருப்பிப் படுக்கவைத்தல், புண் வராமல் பவுடர். நைனா சளி எடுக்கக் கற்றுக்கொண்டார். மண்ணைக் கொத்திக் காய்த்த கையால் அந்த மெல்லிய குழாயை அவர் உள்ளே விடும்போது நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அவருக்கு ஒருநாளும் தவறியதில்லை. அண்ணி பரிமாறிய தட்டில் சாப்பிட்டார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அடுத்த வேலை இருந்தது.

அண்ணன் பேசினான். குரல் வந்துவிட்டதே, சும்மா இருப்பானா? குழம்பில் உப்பில்லை என்றான். கடையை வாடகைக்கு விட்டதற்கு என்னோடு சண்டை போட்டான். போன் ஸ்பீக்கரில் அனந்தபுரத்து விவசாயி ஒருவருக்கு மோட்டாரில் என்ன கோளாறு என்று சொன்னான். அவரும் பொறுமையாக ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தார். அண்ணி மீட்டிங்கில் இருக்கும்போது வேண்டுமென்றே “டீ போடு” என்பான். ஒருநாள் அவளால் தாங்க முடியவில்லை. “கொஞ்ச நேரம் வாய மூட்றியாடா?” என்று கத்திவிட்டாள். லேப்டாப் முன்னால் அவன் கண் நிதானமாக நகர்ந்தது. “மூடிதான இருக்குது” என்றது குரல். நைனாதான் முதலில் சிரித்தார்.

விண்டோஸ் அவ்வப்போது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். அப்படிச் செய்யும் நாளில் காலையில் எழுந்தால் அண்ணன் ஊமையாகியிருப்பான். அண்ணி பல் துலக்கிவிட்டு வந்து, கறுப்புச் சதுரத்தைத் திறந்து, எது உடைந்தது என்று மறுபடி முதலிலிருந்து தேடுவாள். எத்தனையாவது தடவை என்று ஒருநாள் கேட்டேன். “எண்ணினா செய்ய முடியாது” என்றாள். அவள் முடி பாதி நரைத்திருந்தது. கழுத்து வலிக்குப் பட்டை மாட்டியிருந்தாள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள்.

சென்ற மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியிலேயே அண்ணன் போய்விட்டான். கருமாதி முடிந்து கொஞ்ச நாள் அண்ணி எங்களோடு இருந்தாள். பிறகு கம்பெனி, அலுவலகத்துக்கு வரச் சொன்னது. நைனா, “இங்கயே இரும்மா” என்று இரண்டு முறை சொன்னார். அவள், “வருவேன் மாமா” என்றாள். இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். வந்தால் பெரும்பாலும் தூங்குகிறாள். அம்மா யாரையும் அவள் தூங்கும் அறைப் பக்கம் பேசவிடுவதில்லை.

போன மாதம் அவளை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். சென்னைக்குப் போக அவள் ஏற வேண்டிய திண்டிவனம் வண்டி இன்னும் வரவில்லை. பூக்காரிகளும் டீக்கடைச் சத்தமுமாக பஸ் நிலையம் நிறைந்திருந்தது. வெயிலில் கோட்டை மலை வெளுத்துக் கிடந்தது. நெடுநாளாக எனக்குள் இருந்த ஒன்றை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“அண்ணி, அந்தக் குரல நீங்க கட்டாம இருந்திருந்தா, அவன் வேணாம்னு சொன்னதோட போயிருக்கும் இல்ல? உங்களுக்கு இவ்ளோ...”

அவள் தோள் பையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

“போயிருக்கும்” என்றாள். “நானும் காலம் பூரா எல்லார்கிட்டயும் அவருதான் வேணாம்னாருன்னு சொல்லிக்கினு இருந்திருப்பேன். நானே நம்பியிருப்பேன்.” பஸ் வருகிற பக்கம் ஒருமுறை பார்த்தாள். “சில நாளு, நம்பிட்டே இருந்திருக்கலாம்னு தோணும். பொய் சொல்லல. அவ்ளோ முடியாம இருக்கும். அந்த மாதிரி நாள்லதான் எங்கிட்ட ‘சாப்டியா’ன்னு கேப்பாரு. அத்த எழுதறதுக்கு அவருக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு உனுக்குத் தெரியும். எழுதி முடிக்கற வரைக்கும் நின்னு பாத்துக்கினு இருப்பேன்.”

வண்டி வந்தது. கூட்டத்தில் முண்டி அவளுக்கு ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன். கீழே நின்று ஏதாவது பேசலாம் என்று பார்த்தால், வண்டி கிளம்புவதற்கு முன்பே அவள் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்டக்டர் டிக்கெட்டுக்காக அவள் தோளைத் தட்டப் போனார்.

“எழுப்பாதீங்க” என்று கீழேயிருந்து சொல்லி, என் பர்ஸைத் திறந்து பணத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன். “திண்டிவனம் ஒண்ணு. அங்க வந்ததும் எழுப்பி விடுங்க. அதுவரைக்கும் தூங்கட்டும்.”